பேர் எழுதாத மண்

"அடுத்தவ சேதி தெரியலன்னா உனக்குச் சோறு எறங்காதாடி? சரி, கேட்டுத் தொலை," என்று சேதி கேட்க வந்த சொந்தக்காரியிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

அன்றைக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வெயிலில் கோட்டைப் பாறைகள் கொதிக்கின்றன. அரபு நாட்டில் ஆடு மேய்க்கப் போன என் மகன் செத்துப்போன சேதி மட்டும்தான் எங்களுக்கு வந்தது. அங்கே அவனோடு வேலை செய்த பாய், லீவில் வந்தவர், என் எதிரே தலைகுனிந்து இருக்கிறார்.

"அது இன்னா மாதிரி ஊரு பாய்?"

"மணலுதாம்மா. நாளெல்லாம் வண்டியில போனாலும் ஒரு வீடு கண்ணுல படாது."

"அப்ப ஓட்டு கேட்டு எவனும் வந்து கும்புட மாட்டான்!"

"ஓட்டே கெடையாதும்மா. ராசா சொல்றதுதான் சட்டம்."

அவர் சிரிக்கவில்லை. நான் டம்ளரைக் கீழே வைக்கிறேன்.

"எம்புள்ளைய பொதைச்ச எடத்துல பேரு எழுதி ஒரு கல்லாவது நட்டீங்களா?"

"அங்க பேரு எழுதற வழக்கம் இல்லம்மா. மண்ணத் தள்ளி மூடிட்டு வந்துடுவோம். காத்தடிச்சா மேடுகூடத் தெரியாது. ராசா செத்தாலும் அப்படித்தான்."

"ராசாவுக்குமா?"

"சத்தியமாம்மா."

எங்கள் ஊர் தொண்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சூழ்ந்துகொண்ட அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொன்னேன்: "அழாதீங்கடி. அந்த ஊரு ராசாவுக்கு இன்னா மரியாதையோ, அதத்தான் எம்புள்ளைக்கும் செஞ்சிருக்காங்க."