அவர் வேண்டாம் என்ற குழாய்

வல்வெட்டித்துறையில் கடல் தொழில் செய்தவர் அவர். நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில், நான் தாதியாக வேலைசெய்த வார்டுக்கு வந்தார். ஒரு காலையில் முகம் துடைத்துவிட்டபோது என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, மூச்சு முட்டினால் தொண்டைக்குள்ளை குழாய் விடாதேங்கோ. என்னைச் சும்மா போக விடுங்கோ."

டொக்டரிடம் சொன்னேன். நோயாளியின் மனைவியிடமும் கேட்டேன்.

"ஓம், எனக்கும் சொன்னவர்," என்றார் அந்த அம்மா. "ஆனால் கனடாவிலை இருந்து மகன் வெளிக்கிடுறான். நான் வேண்டாமெண்டால், அப்பாவைச் சாக விட்டது நான்தான் எண்டு நினைப்பான்."

அடுத்த நாளே மூச்சு முட்டியது. மகன் விமான நிலையத்திலிருந்து அழைத்தார். "என்ன செய்தாவது வைச்சிருங்கோ. நான் வாறன்!" தாய் போனைப் பிடித்துக்கொண்டு "ஓம், ஓம்" என்று மட்டும் அழுதார்.

டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அவர் வாயாலை சொன்னதை வைச்சுக்கொண்டு விட ஏலாது, மிஸ். குடும்பம் போடச் சொல்லுது. விட்டால் நாளைக்கு நாங்கள்தான் கோட்டுப் படி ஏறவேணும்."

குழாய் போட்டோம். மயக்கம் தெளியும்போதெல்லாம் அவர் கை அதைப் பிடுங்கப் போனது. பிடுங்கினால் தொண்டை கிழிந்துவிடும். மணிக்கட்டுகளில் பஞ்சு சுற்றி, கட்டிலோடு கட்டினேன். முடிச்சுப் போட்டு முடியும்வரை என் முகத்தையே பார்த்தார். அதற்குப் பிறகு நான் கிட்டப் போனாலே கண்களைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

மகன் வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை. அன்று மாலையே முடிந்துவிட்டது.

குழாயை எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகன் கட்டிலடியில் நின்றார்.

"அப்பா கடைசியாய் என்ன கதைச்சவர்?"

உங்களைத்தான் கேட்டார் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. குழாய் வேண்டாம் என்று அவர் கேட்டதையும், நாங்கள் போட்டுக் கட்டிவைத்ததையும் சொன்னேன்.

மகன் தகப்பனின் மணிக்கட்டில் சிவந்து கிடந்த கோட்டைத் தொட்டார். "தெரிஞ்சுகொண்டோ கட்டினனீங்கள்?"

"ஓம்," என்றேன்.

"அவவைக் கேளாதை, தம்பி," என்றார் பின்னால் நின்ற தாய். "எனக்கும் தெரியும்."

மகன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் விடச் சொல்லியிருப்பனே, அம்மா."

சொல்லியிருப்பாரா, தெரியாது. தாய் சுவரோடு சரிந்து தரையில் இருந்தார். மகன் அவரைத் தூக்கவில்லை. நானும் போகவில்லை.