மேல்தட்டில் எடுத்த ஒரு சிட்டிகை

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்குகிறவன் நான். கலந்ததைத் தட்டுகளில் பிரித்து அடுக்கி, தட்டுக்குத் தட்டு ஒரு சிட்டிகை எரித்துப் பார்த்த பிறகே வெடிக்குழாயில் அடைக்கக் கொடுக்க வேண்டும்.

காலேஜில் பிசிக்ஸ் படித்த என் மகள் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: “அப்பா, வானத்துல லட்சக்கணக்கான நட்சத்திரம் உருண்டையாக் கூடி நிக்கிற கூட்டம் இருக்கு. ஒண்ணாப் பிறந்ததால எல்லாம் ஒரே சரக்குன்னு நெனச்சாக. தனித்தனியாப் பாத்தா ஒண்ணுல சோடியம் கூட இருக்கு, ஒண்ணுல கம்மி.”

“ஏட்டி, ஒரே அண்டாவுல கலந்தது எப்படி மாறும்? எனக்கே பாடமா?” என்று சிரித்தேன்.

மறுநாள் லோடு அவசரம். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, மேல்தட்டில் மட்டும் எரித்துப் பார்த்து, எல்லாத் தட்டையும் அங்கேயே மருந்து அடைக்கிற என் தம்பியிடம் கொடுத்தேன். மூன்றாவது தட்டில் மருந்து சரியாகக் கலக்கவில்லை. அவன் கை வைத்ததும் பற்றிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் வெந்து வாழையிலையில் கிடந்தவன், “அண்ணே, எல்லாத் தட்டும் பாத்துத்தானே குடுத்தீக?” என்றான்.

“ஆமாலே.”

“அப்ப நான்தான் சரியா அடைக்கலண்ணே” என்றான். அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டே மறுநாள் போய்விட்டான்.

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய் ஆத்தாளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவனிடம்தான் சொல்லவில்லை.