எதெல்வினாவும் மேயரின் வெந்நீர்க் குளமும்

ஆண்டிஸ் மலையில் எங்கள் ஊர் ஓடை, உறைபனி நாளிலும் கதகதவென்று ஓடும். பாறையிடுக்கில் பொங்கும் வெந்நீர் ஊற்றுகள் செய்யும் உபகாரம் அது. அந்தச் சூட்டில் துவைத்துத்தான் எதெல்வினா குடும்பம் நடத்தினாள். கணவன் செகுந்தோ வாழைத்தோட்ட வேலைக்கென்று கடலோரம் போனான். போன இடத்தில் தோட்டத்தோடு ஒரு குடும்பமும் தேடிக்கொண்டான்.

“போகட்டும், துவைக்கிற துணியில ஒரு உருப்படி குறைஞ்சுது” என்றாள் எதெல்வினா. ஊரார் துணியை வெளுத்தே இரண்டு பெண்களைக் கரையேற்றினாள்.

இந்த நிலையில்தான் புதிய மேயருக்கு ஞானம் பிறந்தது. பணக்காரர்கள் குளிக்க வேண்டிய தண்ணீரை ஏழைகளின் அழுக்குத் துணி கெடுக்கிறதாம். ஓடையை மறித்து சிமெண்ட் குளம் கட்டினார். சுற்றிலும் முள்வேலி போட்டார்.

“இனிமே இந்தப் பக்கம் உன் தலை தெரியக்கூடாது. வேணும்னா ஓடையில இன்னும் மேல போய்த் துவை.”

“மேலயாங்கய்யா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“எனக்கு நீ யோசிக்கக் கத்துத் தர்றியா? போம்மா!”

பெரிய மனிதர் வாக்கைத் தட்டலாமா?

திறப்பு விழாவுக்கு மேயர் வீட்டில் காளை வெட்டினார்கள். குடல் சூப் இல்லாமல் விருந்து ஏது? சுத்தம் செய்ய எதெல்வினாவைத்தான் கூப்பிட்டாள் மேயரின் மனைவி. எதெல்வினா குடல் கூடையைச் சுமந்துகொண்டு, மகா பணிவோடு மேலே ஏறினாள்.

கீழே பேண்டு வாத்தியம் முழங்கியது. பாதிரியார் குளத்தை ஆசீர்வதித்தார். மேயரும் விருந்தாளிகளும் தொப்பையோடு தண்ணீரில் இறங்கினார்கள். சற்று நேரத்தில் பச்சையாக ஏதோ மிதந்து வந்தது.

“அடடே, மூலிகை!” என்று மாகாண அதிகாரி அதை அள்ளித் தோளில் தேய்த்துக்கொண்டார். வாடை பிறகுதான் வந்தது.

மேயர் இடுப்புத் துண்டோடு மேலே ஓடினார். “என்னடி பண்ற இங்க?”

“நீங்க சொன்ன இடத்துல, உங்க வீட்டு மாட்டுக் குடலைத்தான் அலசுறேன். இன்னும் மேல போகட்டுங்களா?”

அடுத்த தேர்தலில் ஊர் சிரித்துக்கொண்டே அவரை வீட்டுக்கு அனுப்பியது. வேலியைப் பிடுங்கிக் கோழிக்கூடு கட்டினார்கள். பெண்கள் எல்லோரும் குளத்தின் சிமெண்ட் கரையில் துவைத்தார்கள்; எதெல்வினா மட்டும், சிமெண்ட் துணியைத் தின்றுவிடும் என்று தன் பழைய கல்லுக்கே போனாள். முழங்கால் மடங்காத வயது வந்ததும் வெந்நீரில் காலை நீட்டி உட்கார்ந்து, மற்றவர்கள் துவைப்பதைக் குறை சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். அந்த வேலையில் சாகும்வரை ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை.