கேரியரில் வந்த கோழி

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்ட ஆரம்பித்த புதிதில் எங்களுக்குள் வந்த முதல் பெரிய சண்டை கேரியருக்காகத்தான். ரயில்வே பட்டறையில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, ஒரு தோட்டத்துத் துரை கழித்துப்போட்ட பழைய காரை வாங்கி வந்து பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கும், அங்கிருந்து துறைமுகத்துக்கும் ஆள் ஏற்றுவது தொழில். கப்பலுக்குப் போகிறவர்கள் கையை வீசிக்கொண்டா போவார்கள்? தகரப் பெட்டி, படுக்கைச் சுருட்டு, பலகாரக் கூடை, ஊரில் யாருக்கோ கொடுக்கக் குடை என்று ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு வருவார்கள். காருக்குள் ஆளை உட்கார வைப்பதா, பெட்டியை உட்கார வைப்பதா?

பின்பக்கம் மாட்டுகிற மடக்குச் சட்டம் ஒன்று உண்டு. அதில் ஒரு பெட்டிதான் நிற்கும், அதுவும் ஊர்ச் சேற்றையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும். ஏறி மிதிக்கிற பக்கப் பலகையில் வேலி மாதிரிக் கம்பி அடித்துச் சாமான் அடுக்கலாம். அப்படி அடுக்கினால் அந்தப் பக்கத்துக் கதவு திறக்காது. கொஞ்சம் உடம்பு போட்டவர்கள் ஒரே கதவு வழியாக ஏறி இறங்குவதற்குள் கப்பல் போய்விடும். மூன்றாவது, கூரைக்கு மேலே கட்டுகிற பெரிய கேரியர். அவருக்கு அதன்மேல்தான் கண்.

"தலைக்கு மேல பாரத்த வச்சிக்கிட்டு எவனாச்சும் ஊர் சுத்துவானா? பேசாம பின்னால மாட்டுங்க" என்றேன்.

"நீயா ஓட்டப் போற?"

"நான் ஓட்டல. நீங்க முழுசா திரும்பி வரணுமேன்னு வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கிறவ நான்தானே?"

அவர் அதற்கும் சிரித்தார். நான் கத்தினால் அவருக்குச் சிரிப்பு வரும். அவர் சிரித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது.

கேரியரைச் செய்தவர் எங்கள் தெருக்கோடியில் இரும்புப் பட்டறை வைத்திருந்த சீனர். அவரும் என் கட்சிதான். "அத்தாஸ் பெராட், கெரெத்தா கோயாங்" என்று மலாயில் சொல்லிக் கையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினார். மேலே பாரம் ஏறினால் வண்டி ஆடும் என்று அர்த்தம். ஆனால் கேட்டவருக்குக் காது இருந்தால்தானே! அந்தக் காலத்துக் காருக்கு இப்போது போல முழுத் தகட்டுக் கூரை கிடையாது. நடுவில் மரச்சட்டம், அதன்மேல் கறுப்புப் பூச்சுப் பூசிய துணி, அவ்வளவுதான். அதில் பாரத்தை வைத்தால் பெட்டியும் பயணியும் ஒரே இருக்கையில் உட்கார வேண்டியதுதான். அதனால் சீனர் நான்கு இரும்புக் கால்களைக் கதவுகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் வளைத்து, பக்கப் பலகைக்கு அடியில் இருக்கும் தாங்கியோடு முடுக்கினார். மேலே மரப் பலகைகளை இடைவெளி விட்டு அடித்தார். கூரைத் துணிக்கும் கேரியருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற அளவு இடம் விட்டார். மாட்டி முடித்ததும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கேரியரைத் தேடி ஒருவர் வந்தது ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். முட்டிவரை மண்ணோடு வாசலில் நின்று, "அண்ணே, மேல கேரியர் வச்ச காரு உங்களுதுதானா?" என்று கேட்டார். காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். தோட்டத்து லோரியைக் கேட்டதற்கு ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணி முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஸ்டாண்டில் இருந்த கார்க்காரர்கள் ஒருவரும் இசையவில்லை. பிணம் கிடந்த இருக்கையில் நாளைக்கு யார் உட்காருவார்கள்? விட்டால் ஆஸ்பத்திரிக்காரர்களே எங்கேயாவது கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்கள்.

"உள்ள வேணாம்ணே. மேலயே வச்சிக் கட்டிக்கலாம். என் கையால கொள்ளி வச்சாப் போதும்" என்றார். அழவில்லை. அழுதிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். எதற்கெடுத்தாலும் குறுக்கே விழுகிற நானே அன்றைக்குக் கட்டுகிற கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் படியிறங்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. "ஐயோ, சனிக்கிழமையாச்சே! கோழி வச்சிருக்கீங்களா?" என்றேன்.

சனிக்கிழமை செத்தவர்கள் தனியாகப் போகமாட்டார்கள், கூட ஒரு துணையைக் கூப்பிடுவார்கள் என்று எங்கள் சனங்களுக்கு ஒரு பயம். அதனால் பாடையோடு ஒரு கோழியைக் கட்டி அனுப்புவோம். அதுதான் துணை. அது சுடுகாட்டோடு சரி, வீடு திரும்பக்கூடாது. அந்த ஆளிடம் கோழிக்கு ஏது வழி? நான் கொல்லைக்கு ஓடி, நான் வளர்த்த செவலைப் பெட்டையைப் பிடித்துக் காலைக் கட்டிக் கொடுத்தேன். புண்ணியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

கார் போன பிறகு பக்கத்து வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமாடி நீ? செத்தவங்க வீட்டுக் கோழியத்தான் கட்டணும். ஒன் வீட்டுலேருந்து தொணைக்கு அனுப்பிட்டியே!" ஆனாலும், போனது போய்ச் சேர்ந்தால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே இவர் திரும்பி வந்துவிட்டார். பாயில் சுற்றி, நீளவாக்கில் வைத்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுக் கட்டினார்களாம். வழியில் கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களில் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்களாம். சொல்லிக்கொண்டே கொல்லைக் குழாயடிக்குக் குளிக்கப் போனார். நான் ஒரு வாளியில் மஞ்சளைக் கரைத்து எடுத்துக்கொண்டு, கேரியரைக் கழுவலாம் என்று பக்கப் பலகையில் ஏறினேன். பலகைகளுக்கு மேலே என் கோழி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது.

காலில் நான் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. அதன் மறுமுனை கேரியர் சட்டத்தோடு சேர்த்து முடிச்சுப் போடப்பட்டிருந்தது. நான் வாளியைப் போட்டுவிட்டு அலறிய அலறலில் தெருவே வந்துவிட்டது. "அவசரத்துல மறந்துட்டாங்க. அதுக்குப் போயி..." என்று இவர் ஈரத்துண்டோடு நின்று சமாதானம் சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை. துணைக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. என் வீட்டுக்கே வந்துவிட்டது. அப்படியென்றால் செத்துப்போனவள் வேறு யாரைக் கேட்கிறாள்? சுமந்துகொண்டு போனவர் யார்? இவர்தானே.

அந்தக் கோழியை என்ன செய்வது? அறுத்தால் பாவம். தின்பதா, நினைக்கவே குமட்டியது. விற்றால் இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது. அது பாட்டுக்குக் கொல்லையில் மேய்ந்தது, முட்டையிட்டது. அந்த முட்டையைத் தொட எனக்குக் கை வரவில்லை. மற்ற கோழிகளும் அதை அண்டாத மாதிரி எனக்குத் தோன்றியது.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. கார் ஓடும்போது பின் இருக்கைக்கு நேர் மேலே டொக், டொக் என்று. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு டொக், டொக். கதவைத் தட்டிவிட்டு, யாராவது திறக்கிறார்களா என்று நின்று பார்ப்பது போல. இவர் எல்லாத் திருகையும் முடுக்கினார். சீனர் வந்து படுத்துக் குனிந்து பார்த்து, மரம் காய்ந்து சுருங்கியிருக்கும் என்றார். இரண்டு பலகையை மாற்றியும் அடித்தார். சத்தம் போகவில்லை. ஒருநாள் துறைமுகத்துக்குப் போன அம்மா ஒருத்தி பாதி வழியில் இவரைக் கேட்டாளாம்: "மேல யாராச்சும் உக்காந்திருக்காங்களா?"

அதை இவர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். எனக்கு அழுகையாக வந்தது. அடுத்த வாரமே இவருக்கு நடுக்கலோடு காய்ச்சல் கண்டது. கொசுக்காய்ச்சல், நம் பக்கத்தில் யாருக்கு வரவில்லை என்று ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொய்னா மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். எனக்குத் தெரியாதா எதனால் வந்தது என்று? பொத்தியிருந்த கம்பளிக்குள் இவர் பல் கிடுகிடுக்கக் கிடந்தார். நான் வாசலில் நின்ற காரின் மேலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டப்பகலில், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போதே, அந்தப் பலகைகள்மேல் யாரோ நீட்டிப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. "தாயே, ஒனக்கு நாங்க நல்லதுதானே செஞ்சோம், இவர விட்டுரு" என்று வாய்விட்டே சொன்னேன். தெருவில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

காய்ச்சல் தணிந்து எழுந்து உட்கார்ந்த அன்றே இவரைப் பிடித்துக்கொண்டேன். "கோழிய அந்த ஆளுகிட்டயே சேத்துட்டு வரணும். இல்லன்னா நீங்க வண்டிய எடுக்கக் கூடாது." என்னோடு வாதாட அப்போது அவருக்குத் தெம்பு இல்லை. எனக்காகச் சக்கரத்து ரப்பரில் ஒரு துண்டு வெட்டிக் கேரியரின் இரும்புக் காலுக்கும் கூரை விளிம்பு மரத்துக்கும் நடுவே சொருகினார். அதற்குப் பிறகு சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. "பாத்தியா? இரும்பு மரத்துல இடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார். எனக்கு நிம்மதி வரவில்லை. தட்டிக்கொண்டிருந்த ஒருத்தியின் வாயைப் பொத்திவிட்ட மாதிரிதான் இருந்தது.

கோழியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்து போனேன். கிள்ளான் தாண்டி, தோட்டத்துச் செம்மண் பாதையில் ஆட்டம் போட்டுப் போய் தோட்டத்துச் சனங்கள் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் நிறுத்தினோம். அந்த ஆள் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவருடைய கண் முதலில் கேரியருக்குத்தான் போனது.

வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டினேன். "ஏன்யா, ஒரு நல்லது செஞ்சதுக்கு இப்படியா? கோழிய மறந்துட்டு வந்தா என் தாலிக்கில்ல வந்து நிக்குது! இவரு காய்ச்சல்ல போகப் பாத்தாரு!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மறக்கல அக்கா. அண்ணன் தண்ணி குடிக்கப் போன நேரத்துல நான்தான் அதப் பிரிச்சிக் கேரியர்லயே கட்டிவிட்டேன்."

"எதுக்கு?"

"கோழி கூடப் போயிட்டா அவ அதோட போயிருவா. எங்களுக்குப் புள்ளகுட்டி இல்ல. தொணை இல்லாம போனா என்னையத்தான் தேடி வருவா, கூட்டிக்கிட்டுப் போயிருவான்னு நெனச்சேன்." தன் வீட்டு வாசலைக் காட்டி, "தெனமும் கதவத் தொறந்து வச்சிட்டுத்தான் படுக்கிறேன். இன்னும் வரலக்கா" என்றார்.

இவருக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்று நான் யாரை விரட்டிக்கொண்டிருந்தேனோ, அவளை இந்த மனுஷன் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறார். என்னையும் அறியாமல் சொல்லிவிட்டேன். "எங்க வண்டியிலதான் தட்டிக்கிட்டே வந்தா. நாங்கதான் பயந்துட்டோம்."

அவர் முகம் மாறியதை எப்படிச் சொல்வேன்? "தட்டுனாளா? எங்கண்ணே? எந்தப் பக்கம்?" என்று காரைச் சுற்றி வந்தார். பிறகு கையைக் கூப்பிக்கொண்டு, "என்னை ஒரு தடவ ஏத்தி ஓட்டுறீங்களா?" என்று கேட்டார்.

பின் இருக்கையில் ஏறினார். இவர் ரப்பர் மரங்களுக்கு நடுவே காரை விட்டார். அந்த ஆள் மூச்சுக்கூட விடாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. பாதை வளைகிற இடத்தில் நான், "நிறுத்துங்க" என்றேன். இறங்கி, இவரையும் இறக்கிப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனேன். "அந்த ரப்பர எடுத்துருங்க" என்று காதோடு சொன்னேன்.

"ஒனக்காகத்தானேடி அத..."

"எடுங்கன்னா எடுங்க."

இவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் கயிறு சரிபார்க்கிற மாதிரி ஏறி, ரப்பரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கார் மறுபடியும் கிளம்பியது. வேகம் பிடித்ததும் தலைக்கு மேலே வந்துவிட்டது: டொக், டொக். திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் கையை உயர்த்தி உள்ளங்கையைக் கூரைத் துணியில் வைத்திருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அன்றைக்கு எங்கள் வாசலில் வராத தண்ணீர்.

"கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே" என்றார். "அவளுக்குக் காரு பழக்கமில்ல."

வேகம் குறைந்தால் சத்தமும் நின்றுவிடும். இவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். இவர் என்னைப் பார்த்தார். இவர் கால் தானாகவே மிதியை விட்டது. கார் ஊர்ந்தது. ஒரு தட்டு வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அப்புறம் இல்லை.

இதோ கேட்கப் போகிறார், கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்று நான் கோழியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கையை மெல்லக் கூரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தூங்கிட்டா" என்றார்.