சன்னலுக்கு வெளியே நின்ற டிரைவர்

எண்பதுகளின் தொடக்கத்தில், வலிப்பு வந்தவர்களைக் காப்பாற்றும் முறையை நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருந்தேன். வகுப்பு முழுவதையும் ஒருவர் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டார். கம்பளித் தொப்பி, நரைத்த மீசை, விரலில் ஓயாமல் சுழலும் சாவி. நோயாளிகளைக் கீழே கொண்டுபோகும் ஜீப்பின் டிரைவர்.

“ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சை அடைத்துவிடும்” என்றேன். சாவி நின்றுவிட்டது.

வகுப்பு முடிந்ததும் என்னை வழிமறித்தார்.

“இத ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல? போன மாசம் வலிப்பு வந்த பாச்சலூர்ப் பொண்ணு ஒருத்திய மல்லாக்கப் போட்டுத்தான் கொண்டுபோனேன். கூட நர்சு கெடையாது. பாதி வழியில மூச்சு நின்னுபோச்சுங்க.”

என்னோடு வெளியே வந்த அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர், “இது ஸ்டாஃபுக்கான கிளாஸ்ப்பா, டிரைவருக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் வகுப்புக்கு யாரை அழைப்பது என்று பட்டியல் எழுதியவன் நான்தான்.

“படுத்துக் காட்டுங்க” என்றார் டிரைவர்.

வராந்தாவின் சில்லிட்ட சிமெண்டுத் தரையில் படுத்தேன். முரட்டுக் கைகளால் என்னை ஒருபக்கமாகப் புரட்டினார்.

“இப்படியா?”

“ஆமா.”

“இம்புட்டுத்தானாய்யா?” என்று கத்தினார்.

தரையிலிருந்து எழுந்திருக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.