வழிமொழிய ஒரு கை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. உளவியலாளர் சங்கத்தில் அதை யாரும் கேட்டதில்லை. அங்கே அவர் கைதூக்கி. முகத்துக்கு நேரே 'கைதூக்கி சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அந்த 'சார்' இருக்காது. மனுஷன் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. கூப்பிட்டவர்களைப் பார்த்துச் சிரிப்பார்.

நாடு முழுவதற்குமான சங்கம் அது. மனசைப் படித்தவர்கள் கூடி மனசைப் பற்றிப் பேசும் இடம் என்றுதானே நினைப்போம்? கிழித்தார்கள். அங்கே பேச்செல்லாம் சங்க விதிகளைப் பற்றித்தான். மேடையில் நடுவே தலைவர், ஒரு பக்கம் போன வருஷத் தலைவர், மறு பக்கம் அடுத்த வருஷத் தலைவர். ஆக, ஒருத்தர் ஏறிவிட்டால் மூன்று வருஷத்துக்கு இறங்கமாட்டார். பிறகு செயலாளர், பொருளாளர், கிளைகளின் பிரதிநிதிகள். யாருக்கு உறுப்பினராகத் தகுதி உண்டு என்று பார்க்கக் கல்விக் குழு, யார் மேல் புகார் என்று பார்க்க ஒழுங்குக் குழு. இத்தனை பேருக்கும் மேலே பொதுக்குழு என்று விதிப்புத்தகம் சத்தியம் செய்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை கூடி, சாப்பிட்டு, கைதட்டிவிட்டுப் போகிற கூட்டத்துக்கு அவ்வளவு மரியாதை.

அந்தப் பொதுக்குழுவில் எதைக் கேட்டாலும் ஒருத்தர் முன்மொழிய வேண்டும், இன்னொருத்தர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஒரு கை எழவில்லையென்றால் அந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கே போகாது. எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

கைதூக்கி முதல் கூட்டத்துக்குப் போனபோது மீசை சரியாக முளைக்காத வயசு. "வழிமொழிபவர்?" என்று தலைவர் கேட்டார். எல்லாருக்கும் பசி, சாப்பாட்டு வாசனை வேறு உள்ளே வந்துகொண்டிருந்தது. பாவம், பெரியவர் கேட்டுக்கொண்டே நிற்கிறாரே என்று இவர் கையைத் தூக்கிவிட்டார். "தம்பி நல்லா வருவார்" என்றார் தலைவர். தம்பி எங்கேயும் வரவில்லை. மூன்றாவது வரிசையில் நடைபாதையை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வருஷமும் கையைத் தூக்கினார். புதிய உறுப்பினர் விண்ணப்பத்துக்கும் வழிமொழிய ஆள் வேண்டும். அதற்கும் அவரே. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவர் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள். இன்றைய செயலாளரும் அப்படித்தான். அவர் வேறு யாருமில்லை, கைதூக்கியின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி.

அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவருக்கு ஓர் அறை உண்டு. சின்ன மேஜை, இரண்டு சின்ன நாற்காலிகள், சிவப்பும் வெள்ளையுமாய்க் கட்டைகள் நிறைந்த பெட்டி. பேச்சு வராத பிள்ளை, படிப்பு ஏறாத பிள்ளை, யார் பக்கமும் திரும்பாத பிள்ளை என்று கூட்டிவருவார்கள். அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து, கட்டைகளை அடுக்கச் சொல்லிப் பார்ப்பார். அவசரமே படமாட்டார். அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கை இருந்தால்தான் பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளியில் இடம் கிடைக்கும். ஊரில் அவரை மனிதனாக மதித்த ஒரே இடம் அந்த அறைதான். அதற்கு ஆதாரம் அந்தக் கையெழுத்து.

ஒருநாள் பெரிய டாக்டர் நடைவழியில் நிறுத்தினார். "என்ன சார், அடுத்த வருஷத்துல இருந்து உங்க ரிப்போர்ட்ல வேற ஆள் கையெழுத்துப் போடணுமாமே?"

"யாரு சொன்னா?"

"உங்க சங்கம்தான். முதுகலை படிக்காம பழைய டிப்ளமா மட்டும் வெச்சிருக்கறவங்க எல்லாம் இனிமே இணை உறுப்பினராம். ஓட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் மச்சானுக்கு ஃபோன் போட்டார். மறுமுனையில் பலமான சிரிப்பு.

"மாமா, போன வருஷக் கூட்டத்துல சாப்பாட்டுக்கு அப்புறம் நான்தானே வாசிச்சேன்! நீங்கதானே வழிமொழிஞ்சீங்க!"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். யானைக்காவது அது மண் என்று தெரியும். இவர் அன்றைக்கு அரைக்கண் மூடி, வாசிப்பு எப்போது முடியும், கையை எப்போது தூக்கலாம் என்று காத்திருந்தார். வாசித்தவனுக்குத் தெரியும், மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியும், பக்கத்து நாற்காலிக்காரனுக்கும் தெரிந்திருக்கும். ஒருத்தராவது தொடையைத் தட்டி, "யோவ், உன் கழுத்துய்யா இது" என்று சொன்னார்களா? மூச்!

அவர் மனைவி வாய்க்காரி. ஆனால் சொல்வதில் நியாயம் இருக்கும்.

"ஊர்ல இருக்கறவன் கேட்டதுக்கெல்லாம் கை தூக்கினீங்களே, உங்களுக்குன்னு ஒண்ணு கேட்டீங்களா? குட்டக் குட்டக் குனிஞ்சா குட்டத்தான் செய்வாங்க. இந்த வருஷம் எழுந்து நின்னு கேளுங்க. வருஷம் முடியற வரைக்கும் நீங்க முழு உறுப்பினர்தானே?"

தம்பியை வீட்டுக்கு வரவழைத்ததும் அவள்தான். அவன் வந்தான், வயிறு நிறையச் சாப்பிட்டான், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நல்ல யோசனைதான் மாமா. இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்களுக்கு விலக்கு வேணும்னு கேளுங்க. மேடையில இருக்கறவங்க வழிமொழியறது மரபு இல்ல. ஆனா என் ஆளுங்க கீழே நாலு பேர் இருக்காங்க. நீங்க எழுந்து நில்லுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்குவியாடா?" என்றாள் அக்கா.

"அக்கா, மாமா இல்லேன்னா நான் ஏது?"

இந்த ஒரு வார்த்தையில் கைதூக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். அதுவரைக்கும் அந்த அறை போகாது என்று நம்பினார். அன்றிரவு நன்றாகத் தூங்கவும் செய்தார்.

கூட்டம் வழக்கமான மண்டபத்தில். மேலே வழக்கமான மின்விசிறிகள், கடகடவென்று. கைதூக்கி வழக்கமான நாற்காலியில், சலவைச் சட்டையில். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, வரவு செலவு என்று ஒவ்வொன்றாகப் போனது. எல்லாவற்றுக்கும் அவர்தான் வழிமொழிந்தார். அவருடைய முறை வந்தது. எழுந்து நின்றார். காகிதத்தைப் பிரித்தார். மூன்று வாக்கியம்தான், இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பழைய டிப்ளமாக்காரர்கள் ஓய்வு பெறும்வரை முழு உறுப்பினராக நீடிக்க வேண்டும், அவ்வளவுதான் சாரம். வாசித்து முடித்தார்.

"வழிமொழிபவர்?" என்றார் தலைவர்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும், அட கடவுளே, அவருடைய வலது கை தானாக மேலே போனது.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தலைவர் ஒலிபெருக்கியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "கைதூக்கி சார், உங்களுக்கு நீங்களே வழிமொழிய முடியாது சார்! விதியில இடமில்ல!" இன்னொரு சிரிப்பு அலை. மனநலம் பேணுபவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கையை இறக்கிக்கொண்டு மச்சானைப் பார்த்தார். மச்சான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். கீழே இருந்த அவனுடைய நாலு பேரும் மேடையைப் பார்த்தார்கள். அவன் தலையை லேசாக, கழுத்தில் சுளுக்கு எடுப்பவன்போல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தான். நாலு பேரும் கைப்பேசியை எடுத்தார்கள்.

இனி ஒருத்திதான் பாக்கி. தொழிற்சாலைக்கார அம்மா என்பார்கள், தொழிலாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை. அந்தச் சபையில் மேடைக்குப் பயப்படாத ஒரே பிறவி. முந்தைய வருஷம் ஒன்றில் அவள் எழுந்து, "ஒழுங்குக் குழுவைத் தலைவரே நியமிச்சா, தலைவர் மேல வர்ற புகாரை யார் விசாரிப்பா? அதையும் தேர்தல்ல வைக்கணும்" என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். வழிமொழிய ஆளில்லை. அவள் நேராகத் திரும்பி இவரைத்தான் பார்த்தாள். கைக்குப் பஞ்சமில்லாத மனுஷனாயிற்றே! இவரோ, வாழ்நாளில் மின்விசிறியையே பார்க்காதவர்போல அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய தீர்மானம் அப்படித்தான் செத்தது. அதன் பிறகு எந்தக் குழுவிலும் அவளைச் சேர்க்கவில்லை.

இப்போது இவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிச்சை கேட்கிற பார்வை. அவளும் பார்த்தாள். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் நன்றாகவே பார்த்தாள். பிறகு நிதானமாக அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள்.

"வழிமொழிய யாருமில்லாததால் தீர்மானம் கைவிடப்படுகிறது. தேநீர் இடைவேளை" என்றார் தலைவர்.

தேநீர் மேஜைக்குப் பக்கத்தில் மச்சான் வந்து தோளைத் தொட்டான். குரலை இறக்கி, ஒவ்வொரு சொல்லாக வைத்தான்.

"மாமா, உங்களுக்கு இது எவ்வளவு வலிக்கும்னு எனக்குப் புரியுது. இப்போ உங்க மனசுல என்ன ஓடுது? தாராளமா சொல்லுங்க."

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். உங்கள் பிள்ளை பேசவே போவதில்லை என்று ஒரு தாயிடம் சொல்லும்போது அவரும் அதைத்தான் எடுப்பார். ஆனால் அவர் எடுக்கும்போது கையில் வேறு எதுவும் இருக்காது. இவன் ஒரு கையில் பிஸ்கட் வைத்திருந்தான்.

"நாலு பேர் இருக்காங்கன்னு சொன்னியே?"

"இருந்தாங்க மாமா. ஆனா அடுத்த வருஷம் நான் தலைவர் தேர்தல்ல நிக்கறேன். கல்விக் குழுவைப் பகைச்சுக்கிட்டு நிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. நீங்க ஜெயிக்கறதைவிட நான் ஜெயிச்சா நம்ம குடும்பத்துக்குத்தானே பெருமை?" பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தான். "ஆங், கடைசியில செயற்குழுவுக்கு நன்றித் தீர்மானம் இருக்கு. நீங்கதான் வழிமொழியணும். வழக்கம் மாறக் கூடாது பாருங்க."

காரியம் ஆகும்வரை காலைப் பிடிப்பது, ஆனபின் கழுத்தைப் பிடிப்பது என்பார்கள். இவன் கழுத்தையும் பிடித்துக்கொண்டு கையையும் கேட்கிறான்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த கைதூக்கிக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் திணித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். தூக்கமாட்டேன். வழிமொழிய ஆளில்லாமல் உங்கள் நன்றியும் இந்த மண்டபத்தில் செத்துக் கிடக்கட்டும். தேடுங்கள், என்னைத் தேடுங்கள். இந்தக் கை எவ்வளவு காலமாக உங்களைத் தூக்கி நிறுத்தியது என்று இன்றைக்குப் பாருங்கள்.

பொருளாளர் நன்றித் தீர்மானத்தை வாசித்தார். வெளியே கார்களைக் கிளப்பும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. தலைவர் காகிதங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். கை தொடைக்கு அடியில் மரத்துப்போனது.

தலைவர் தலையைத் தூக்கவேயில்லை. பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னார். "வழக்கம்போல நம்ம கைதூக்கி சார் வழிமொழிஞ்சிட்டார். நிறைவேறியது."

மண்டபம் கைதட்டியது. மச்சான் குறிப்பில் எழுதிக்கொண்டான். நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. கைதூக்கி மட்டும் தன் கைமேல் உட்கார்ந்திருந்தார்; தரை துடைக்க வந்த பெண் "எழுந்திரிங்கய்யா, நாற்காலியை மடக்கணும்" என்று சொல்லும்வரை.

வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள்.

"என்னங்க ஆச்சு? யாராவது கை தூக்கினாங்களா?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"தூக்கினாங்க."

"அப்பாடா! யாருங்க?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.