பத்து மணிக் கூட்டம்

கலாதேவி ஈப்போவில் ஒரு சமூகக் கல்லூரியில் அலுவலக நிர்வாகம் படிக்கிறாள். கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டக் கோவிலின் தலைவர் நாற்காலியில் வருடக்கணக்காய் ஒட்டிக்கொண்டிருந்த பழனியப்பன், "படிச்ச புள்ளலா, எழுத ஆள் கெடச்சாச்சு" என்று அவளைச் செயலாளராக்கினார். பத்து மணிக் கூட்டத்துக்குப் பன்னிரண்டுக்கு வந்து மாலை வாங்குவதுதான் அவர் கௌரவம். அவருடைய ஆட்கள் அவருக்கும் பின்னால்தான் வருவார்கள்.

கூட்டத்தைக் குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததை அவள், பாவம், அப்படியே நம்பிவிட்டாள். ஆண்டுக் கூட்டம் பத்துக்கே தொடங்கியது. மண்டபத்தில் இருந்த உறுப்பினர்கள் தேநீர் கலக்க வந்த பெண்கள் மட்டுமே. தேர்தலும் முறைப்படி முடிந்தது.

பன்னிரண்டுக்கு வந்த பழனியப்பன் வழக்கம்போல் கழுத்தை நீட்டினார். மாலையோ புதுத் தலைவி காளியம்மாவின் கழுத்தில் கிடந்தது.

"தேத்தண்ணி ஆறிப்போச்சுலா அண்ணே," என்றாள் காளியம்மா. "குடிச்சிட்டு கோப்பையக் கழுவி வெச்சிடுங்க."